கொட்டாஞ்சேனையில் ஒரு பொங்கோ

யாழ்ப்பாணத்தில் இரவு ஏறிய சொகுசு பஸ் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது காலி வீதிக்கு இன்னும் விடியவில்லை. பஸ்ஸின் அடிப்பெட்டியிலிருந்து சூட்கேஸ்களும் முருங்கைக்காய்க் கட்டுகளும் ஒடியல் மாப் பொதிகளும் இறங்கிக்கொண்டிருந்தன. கொழும்பு 6 எங்கள் ஊராருக்குப் பாதி யாழ்ப்பாணம். கொழும்புக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வெள்ளவத்தைக்குப் போகிறார் என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு மரைன் டிரைவ் வரைக்கும் நடந்தேன். தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கல், அதற்கு அப்பால் கடல். வெளிச்சம் வரும் நேரத்தில் ஒரு ரயில் தெற்கே போனது. தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை தாண்டி மொரட்டுவைக்குப் போகும் பாதை. நான் மனதில் சுமந்து வந்த இசைக்குழுவின் ஊர் அந்த மொரட்டுவைதான்.

வந்த காரணம் ஒரு கலியாண வரவேற்பு. மாமியின் பேரனுக்கு. அதற்கு ஒரு மாதம் முன்னால் வீட்டில் ஜிப்சீஸின் பழைய பைலா ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு வயது மகன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, இவையை இப்ப ஆர் கேக்கினம்?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் மேடையில் நிற்கும் ஒரு குழுவின் மவுசு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல முடியாது. கொழும்பில் இரண்டு நாள் காதைத் திறந்து வைத்திருந்தால் ஏதாவது புரியும் என்று நினைத்தேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஜிப்சீஸ் 1971-இல் மொரட்டுவையில் அன்டன் பெரேரா தொடங்கிய குடும்பக் குழு. மகன் சுனில் பெரேரா முன்னால் நின்று பாட, சகோதரர்கள் சுற்றி நின்று வாசித்தார்கள். மின்கிற்றார், டிரம்ஸ், கீபோர்ட் எல்லாம் ரொக் குழுவுக்குரியவை. ஓடும் தாளம் மட்டும் பைலா. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது, ஆடுதல் என்று பொருள். போர்த்துக்கேயரோடு வந்த ஆப்பிரிக்கக் காப்பிரிகளும், மட்டக்களப்பில் இன்றும் வாழும் பறங்கியரும் காப்பாற்றி வைத்திருந்த ஆட்டப் பாட்டு, கொழும்புக்கு வந்து சிங்களத்தில் கலந்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் அதைச் சபையேற்றினார். எம். எஸ். பெர்னாண்டோ அதற்கு ராஜாவானார். அறுபதுகளின் முடிவில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இவ்வளவும் நடந்து முடிந்த தளத்தில்தான் ஜிப்சீஸ் வந்து நின்றது.

எனக்கு அந்தக் குரல் அறிமுகமானது அப்பா வழியாக. அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்து கந்தோருக்குப் போய்வந்தவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை. இசைத்தட்டுகள் எல்லாம் அந்த வீட்டோடு போய்விட்டன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். நான் சுற்ற, அப்பா காதை வைத்திருப்பார். செய்தி முடிந்ததும் சிங்களச் சேவைக்குத் திருப்புவார். பைலா வந்தால் "இன்னும் கொஞ்சம் சுத்து" என்பார். சுற்றும் கை தளர்ந்தால் சுனில் பெரேராவின் குரலும் இழுபடும். எங்களை விரட்டிய நகரத்தின் பாட்டை ஏன் இவர் இப்படிக் கேட்கிறார் என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததுண்டு. அப்பா இருந்த காலத்தில் அதை நான் கேட்கவே இல்லை.

காலை எட்டு மணிக்கு 101-ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். மொரட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்குப் போவது. கொழும்புத் தனியார் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், சாரதியின் தலைக்கு மேல் ஒரு கூத்து மேடையே இருக்கும்: புத்தர் படம், மினுங்கும் விளக்கு, அதற்கு நடுவில் பாட்டுப் பெட்டி. பம்பலப்பிட்டி வரைக்கும் புதுப் பாட்டுகள், கணினியில் செய்த தாளம், மெல்லிய குரல்கள். கொள்ளுப்பிட்டியில் திடீரென்று ஜிப்சீஸ். பஸ்ஸில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கந்தோருக்குப் போகும் பெண் தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கொண்டக்டர் கையில் மடித்துப் பிடித்த நோட்டுகளோடு மேல் கம்பியைத் தட்டத் தொடங்கினார். மோதிரம் கம்பியில் படும் சத்தம், சரியாக ஆறு தட்டு. அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. அந்தப் பாட்டு அவரைவிட மூத்தது.

கொட்டாஞ்சேனை மாறிப்போய்விட்டது என்று எல்லோரும் சொல்லுவார்கள். அடுக்குமாடிகள் எழும்பியிருப்பது உண்மை. ஆனால் ஜம்பட்டா வீதியில் நடந்தால் பழைய வாசனைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு மூலையில் மல்லிகை, அடுத்த மூலையில் கருவாடு. புனித லூசியா பேராலயத்தின் கூரை எங்கிருந்தும் தெரிகிறது. அந்தப் பக்கம் கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில், இந்தப் பக்கம் முத்துமாரியம்மன், கீழே இறங்கினால் கொச்சிக்கடை அந்தோனியார். அந்தோனியார் கோயிலில் ஒரு நிமிடம் நின்றேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம். மெழுகுதிரி ஏற்றும் வரிசையில் சேலையும் இருந்தது, ஹிஜாபும் இருந்தது.

அப்பாவின் கூட்டாளியான மாமா பேராலயத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. எழுபதுகளில் இந்தப் பகுதிப் பொடியன்கள் சேர்ந்து நடத்திய ஒரு பொப் கோஷ்டியில் பொங்கோ வாசித்தவர். கோயில் திருவிழா, கலியாணம், பெருநாள் எதையும் விடமாட்டார்களாம். என்னைக் கண்டதும் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். "மகன், உங்கட அப்பா மாதிரியே நடக்கிறீங்க" என்றார். பிறகு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு துணிப்பொதியை இறக்கினார். அந்தப் பொங்கோதான்.

இரண்டு சின்னக் குடங்கள், ஒன்று சற்றுப் பெரிது. பலா மரத்தில் கடைந்தது என்றார். தோல் பழுத்து, நடுவில் விரல் படும் இடம் மட்டும் கறுத்து மினுங்கியது. தட்டினார். தொய்ந்த சத்தம். கடல் காற்றில் தோல் இளகிவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய், காஸ் அடுப்பைச் சிறு தணலில் வைத்து, பொங்கோவைக் கவிழ்த்து ஒரு சாண் உயரத்தில் மெல்லச் சுழற்றினார். முந்தி நூறு வாட் குண்டு பல்புக்கு மேல் வைத்தால் போதுமாம். இப்போதைய எல்.ஈ.டி. பல்பில் சூடு இல்லை. 2022-இல் காஸ் கிடைக்காமல் சனம் வெறும் சிலிண்டர்களோடு வரிசையில் கிடந்த மாதங்களில் இதை வாசிக்கவே இல்லை என்றார். இரண்டு நிமிடம் சென்றிருக்கும். காதருகே வைத்து நகத்தால் சுண்டினார். தோல் இறுகியிருந்தது. மடியில் இடுக்கிக்கொண்டு வாசித்தார். ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு. நாலாவதில் பெரிய குடத்தில் உள்ளங்கை விழுகிறது, ஆறாவது ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலில்தான் பைலா இருக்கிறது. கணினியில் செய்கிற தாளத்தில் அது வராது என்று எனக்கு அப்போது தோன்றியது. அவரிடம் சொன்னேன். "வரும் மகன், செய்யத் தெரிஞ்சவன் செஞ்சா வரும்" என்றார்.

ஜிப்சீஸைப் பற்றிக் கேட்டேன். மவுசு குறைந்துவிட்டதா? மாமா நேராகப் பதில் சொல்லவில்லை. தங்கள் கோஷ்டியில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணினார். கிற்றார் வாசித்தவர் ரொறன்ரோவில். பாடியவர் லண்டனில், அங்கேயே மோசம் போய்விட்டார். இன்னொரு கிற்றார் பாரிஸில். டிரம்ஸ் வாசித்தவர் எங்கே என்று தெரியாது. "நான் மட்டும் இங்க. பொங்கோவ வச்சுக்கொண்டு தனியா என்ன செய்யிறது?" என்றார். சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் தேடி வந்த பதிலில் பாதி அந்த அடுப்படியில் கிடைத்தது. ஒரு காலத்தில் இந்த நகரத்தில் தமிழ்ப் பொப் இசை அலையாக எழும்பியது. இலங்கை வானொலி அதை நாடு முழுக்கவும் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரை வரைக்கும் கொண்டுபோனது. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் வந்தார்கள். அம்பாறையில் படித்த காலத்தில் பாடத் தொடங்கிய நித்தி கனகரத்தினம், மாமியையும் கள்ளுக்கடையையும் பாட்டுக்குள் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்தார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கைகோத்து ஓடும் பாட்டு. 1977-இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்துக்கொண்டார். மனோகரன் 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார், பிறகு சென்னைக்குப் போய் சிலோன் மனோகர் என்ற பெயரில் படங்களில் வந்தார், 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்றைக்கும் தமிழர் கூடும் எந்த நாட்டிலும் அவை ஒலிக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரே ஊரில், ஒரே பெயரில், கிழமைக்குக் கிழமை மேடையேற ஒரு குழு இல்லாமல் போனது. 83 வந்தது, போர் வந்தது, கேட்கிறவர்கள் கலைந்தார்கள், வாசிக்கிறவர்கள் கலைந்தார்கள்.

மொரட்டுவையில் அந்தக் குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. தச்சுப் பட்டறைகளின் ஊர், தகப்பன் தொழிலை மகன் எடுக்கிற ஊர். அன்டன் பெரேராவின் பிள்ளைகளும் அப்படித்தான் எடுத்தார்கள். கலியாணம் இருக்கும் வரைக்கும் கூலி இருந்தது, கூலி இருக்கும் வரைக்கும் குழு இருந்தது. திறமைதான் அவர்களை நிறுத்தியது என்று மட்டும் சொன்னால் மாமாவின் பொங்கோவுக்கு அநியாயம் செய்தவனாவேன். திறமை இரண்டு பக்கமும் இருந்தது. ஓட வேண்டிய தேவை ஒரு பக்கத்துக்கு மட்டும் வந்தது.

இதைச் சொல்லும்போதே சுனில் பெரேராவைப் பற்றி நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். தன் பக்கத்துச் சனத்தைக் குஷிப்படுத்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. வயது ஏற ஏற வாய் திறந்தார். ஊழலையும் இனவாதத்தையும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பெயர் சொல்லிச் சாடினார். நாட்டின் சீர்கேடுகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் பைலாவையும் பாடினார். பைலாவே பிடிக்காதவர்கள்கூட அந்தப் பேட்டிகளுக்காக அவரைத் தேடினார்கள். கடைசிப் பத்து வருடத்தில் அவருடைய பாட்டுகளைவிட அவருடைய பேச்சுத்தான் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். தமிழ் வீடுகளுக்குள் அவர் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். சிங்களம் தெரியாத என் மாமி, "அந்தப் பாட்டுக்காரன் நியாயம் கதைக்கிறான்" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

2021 ஜிப்சீஸின் ஐம்பதாவது வருடம். ஆகஸ்ட் 24-ஆம் திகதி லண்டனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் காலமானார். பதின்மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6-இல், கொவிட்டிலிருந்து தேறி வீட்டுக்குப் போன சுனில் பெரேரா திரும்பவும் நோய்ப்பட்டுக் கொழும்பில் இறந்தார். அறுபத்தெட்டு வயது. நாடு முழுக்கத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஐம்பது வருடம் சனத்தை எழுப்பி ஆடவைத்தவரின் இறுதிப் பயணத்துக்குச் சனம் கூட முடியவில்லை. குழு பிறந்த 1971-இலும் ஏப்ரல் கிளர்ச்சியால் ஊரடங்கு போட்ட நாடு இது. அதே செப்டம்பரில்தான் யொஹானியின் 'மெனிகே மகே ஹித்தே' இந்தியாவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கோடிக்கணக்கான பேர் கேட்ட சிங்களப் பாட்டு. ஒரு வாசல் மூடிய மாதத்தில் இன்னொரு வாசல் திறந்து கிடந்தது.

ஸ்டோன்ஸ் அதே மாதம் வேறொரு டிரம்ஸ்காரரோடு அமெரிக்காவில் மேடையேறியது. 2023-இல் புது இசைத்தொகுப்பும் வெளியிட்டது. ஆனால் டிரம்ஸ்காரர் போனதும் பாடுகிறவர் போனதும் ஒன்றல்ல. ஜிப்சீஸ் என்றால் சனத்தின் கண்ணில் சுனில்தான். தம்பி பியல் பெரேரா குழுவை ஏற்று நடத்துகிறார். பெயர் அதே, பாட்டுகள் அதே. முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை மறைக்க அவர்களும் முயலவில்லை. இதற்கிடையில் 2019-இன் குண்டுகள், கொவிட், 2022-இல் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் போன மின்வெட்டு. மூன்று அடி. வாத்தியத்தை விற்றுவிட்டு ஓட்டோ ஓட்டப் போன இசைக்காரர் ஒருவரை மாமாவின் ஒழுங்கையிலேயே கண்டேன். கிற்றார் போன கதையைச் சொல்லும்போது ஹாண்டிலைப் பிடித்திருந்த அவருடைய இடது கைவிரல்கள் தந்தி அழுத்துவது போல அசைந்துகொண்டிருந்தன.

பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். வரவேற்பு காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மண்டபத்தில். காலையில் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் முடிந்துவிட்டன. இரவுக்கு டீ.ஜே. வைப்பதுதான் இப்போதைய வழக்கம். மாமி வீட்டார் பேண்ட் வேண்டும் என்று நின்றார்களாம். மொரட்டுவைப் பக்கத்துப் பொடியன்கள் ஐந்து பேர், வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேஸ்ட்கோட்டும். சாப்பாடு வரைக்கும் இளையராஜாவும் ரகுமானும். தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். உச்சரிப்பில் ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு டிரம்ஸ் திரும்பியது. ஆறு தட்டு. லண்டனிலிருந்து வந்த பிள்ளைகள் முதலில் எழும்பினார்கள். பிறகு கொழும்புச் சொந்தங்கள். கடைசியில் என் மாமி, எண்பது வயது, முழங்கால் நோவோடு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. ஜிப்சீஸின் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து நிற்காமல் ஓடின. பாதிப்பேருக்குச் சிங்களம் தெரியாது. பல்லவி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே ஒருவரும் ஜிப்சீஸைக் கேட்க வரவில்லை, ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் அந்தக் குழு இல்லாமல் இந்தக் கலியாணம் முடியாது. மேடையில் அவர்களுடைய மவுசு குறைந்திருக்கிறது, இதை மகனிடம் மறைக்காமல் சொல்லலாம். கலியாண வீட்டில் கூடியிருக்கிறது. அதுவும் நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்தத் தாளத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கக்கூடிய வீடுகளில்.

அப்பாவை நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் சுத்து" என்று அவர் சொன்னது கொழும்பைக் கேட்டல்ல, கொட்டாஞ்சேனையில் மாமாவோடும் கூட்டாளிகளோடும் இருந்த இரவுகளைக் கேட்டு. அந்த இரவுகளுக்குச் சொந்தமான தமிழ்ப் பாட்டுகளை வானொலி போடாத நேரத்தில், அதே தாளத்தில் வந்ததை அவர் பிடித்துக்கொண்டார்.

தொடர்ந்து 'சுராங்கனி' வந்தது. மண்டபமே பாடியது.

இடைவேளையில் கீபோர்ட் வாசித்த தம்பியிடம் போனேன். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும் சேர்ந்து பேச்சை ஓட்டின. அன்றைய இரவின் பாட்டு வரிசையை டப்லெட்டில் காட்டினார். இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் பாடியவர் பெயர். ஜிப்சீஸ், ஜிப்சீஸ், எம். எஸ். பெர்னாண்டோ, டெஸ்மண்ட் டி சில்வா, ஜிப்சீஸ். 'சுராங்கனி'க்கு நேரே ஒன்றும் இல்லை. பழைய பாட்டு, யாருடையது என்று தெரியாது, ஆனால் தமிழ்க் கலியாணத்தில் போடாமல் விடமுடியாது என்றார்.

பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, பின்னால் யாரோ ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் சொன்னேன். "மனோகரன்?" என்றார். தலையாட்டினேன். டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி அழைத்தார். தம்பி ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, அந்தப் பெயரைச் சிங்களத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டி முடித்த பிறகுதான் கீபோர்ட்டில் கை வைத்தார்.